கோமு மிதிக்கும் பிரேக்

நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்; எந்தப் பாதி என்று மட்டும் கேட்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் மேலே படிக்கலாம்.

லைசன்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானம் எங்கள் ஊருக்கு வெளியே, சிமெண்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கும் தண்ணீர் இல்லாத குளத்துக்கும் நடுவில் இருக்கிறது. மைதானம் என்றதும் புல்லைத் தேட வேண்டாம். செம்மண், அதில் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்கு வெளியே நசுங்கிய எலுமிச்சம்பழம். டெஸ்டுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியும் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் உள்ளே போகும். எதிரில் ஒரு டீக்கடை. அந்தக் கடையில் பால் தீர்ந்துபோன நாள் உண்டு. லெமன் டீ தீர்ந்துபோன நாள் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்றைக்கு டெஸ்ட் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரி கோமுவுக்கு.

விஷயம் இதுதான். எங்களிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. டாக்டர் எழுத்து அட்டையை மாட்டி வாசிக்கச் சொன்னார். அட்டை எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டேன். என் லைசன்சைப் புதுப்பிக்கிற பேச்சு அதோடு முடிந்தது. ஆபரேஷன் பண்ணலாம், சர்க்கரை குறையட்டும் என்கிறார்கள். நான்தான் குறைய விடுவதில்லை. பெங்களூரில் இருக்கிற மகன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான். "அம்மா லைசன்ஸ் எடுத்தா வண்டி நிக்கட்டும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஆள் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிரும்பா."

எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். வண்டி போனால், நானும் கோமுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான். எனக்கு அதில் கஷ்டம் இல்லை. பார்க்க வேண்டியது என் முகத்தை என்பதால் அவளுக்குத்தான் கஷ்டம்.

போன தடவை அவள் தேறவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கும் அல்லவா. டெஸ்ட் அன்று மாஸ்டர் இடது பக்கம் ஏறி, மேலே சாமி கும்பிடுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கீழே காலால் வேலை பார்ப்பார். இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். போன தடவை கோமு கிளச்சை விட்டபோது மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். மாஸ்டர் பிரேக்கை விட்டபோது கோமு மிதித்தாள். வண்டி எலுமிச்சம்பழத்தையே தாண்டவில்லை. ஃபெயில். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதிலும் விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்துவிடும்.

காலையிலிருந்து அவள் ஸ்கூல் காருக்குள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க நின்னா பேசுவீய. போய் டீ குடிங்க," என்றாள், என்னைப் பார்க்காமலே.

போனேன். பேச வேண்டியதை வேறு எங்காவது பேசித்தானே ஆக வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ரெஜினா, கிராமத்து ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் எடுக்க வந்தவள். இன்னொருவர் வெள்ளத்துரை, வெல்டிங் பட்டறைக்காரர். பால்குடி மறந்த நாளிலிருந்து லைசன்ஸ் இல்லாமலே பைக் ஓட்டி, போன மாதம்தான் முதல் தடவையாகப் போலீசில் மாட்டியவர். கோமுவின் மாஸ்டர் மாசிலாமணியும் ஒரு கிளாசோடு நின்றுகொண்டிருந்தார். டெஸ்ட் வைக்கப் பத்து மணிக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்டர் வரவில்லை.

ரெஜினா விரலால் பெஞ்சில் எட்டு எட்டாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "எட்டு போடும்போது காலை ஊனிட்டா ஃபெயில்தானே மாஸ்டர்?"

"ஊனக் கூடாதும்மா."

"எட்டைப் பத்தி அவர்கிட்ட ஏன் கேக்க தாயி," என்றேன். "என்கிட்ட கேளு. என் எட்டாலதான் இந்த மாவட்டம் இன்னைக்கும் இருக்கு."

வெள்ளத்துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி யாரு?"

"அந்தா காருக்குள்ள இருக்காளே, அவ வீட்டுக்காரன். பேரு ஆதிமூலம். தூத்துக்குடியில பெரிய டிரைவருகிட்ட கேட்டா சொல்லுவாங்க."

"எந்த டிரைவர்கிட்ட?"

"செத்துப்போயிட்டாவ. நீரு கதையைக் கேளும்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

"நான் கத்துக்கிட்டது சாமியடியான் மாஸ்டர்கிட்ட. அவரு வண்டியிலயும் ரெண்டு பக்கமும் பிரேக். கிளச் அவர் மிதிப்பாரு, பிரேக் அவர் மிதிப்பாரு, கியரை எட்டி அவரே போடுவாரு. ஹாரன் ரிப்பேரு, அதையும் அவர் வாயாலயே அடிச்சிருவாரு. என் வேலை ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சியா இருக்கிறது. டெஸ்ட் அன்னைக்கும் அதேதான். முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர் என்னைப் பாத்து, 'பிரமாதமா ஓட்டுறியே'ன்னாரு. மாஸ்டர் எந்திரிச்சு நின்னு 'ரொம்ப நன்றி ஐயா'ன்னாரு."

மாசிலாமணி மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லா ஸ்கூலும் அப்படி இல்ல அண்ணாச்சி."

"உம்ம வலது செருப்பைக் கழத்திக் காட்டும்வே. இடது செருப்பு புதுசா இருக்கு, வலது செருப்பு ஏன் தேஞ்சிருக்கு?"

அவர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"லைசன்ஸ் வந்துட்டு. அப்பல்லாம் காருக்கும் எட்டுதான் டெஸ்ட். வண்டியைத் தனியா ரோட்டுக்கு எடுத்தேன். அப்பத்தான் தெரியுது, எனக்கு எட்டைத் தவிர ஒண்ணும் தெரியல. நேரா எப்படிப் போறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. டெஸ்ட்ல அது கிடையாதுல்லா. ஸ்டேஷனுக்குப் போகணும்னா எட்டு எட்டாப் போட்டுக்கிட்டேதான் போகணும். பால்காரர் ஒருத்தர் கேனை ஏத்தி விட்டாரு. ஸ்டேஷன்ல எறக்கும்போது மேல வெண்ணெய், கீழ மோரு."

ரெஜினா சிரித்தாள். வெள்ளத்துரை சிரிக்கவில்லை. "மோரு வரணும்னா பாலு மொதல்ல தயிரா ஆகணும்லா?"

"அவ்வளவு நேரம் ஆச்சுங்கேன்."

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது போதும்.

"விஷயம் பரவிட்டு. அறுவடை சமயம். களத்துல நெல்லுக்கதிரைப் பரப்பி வச்சு, மாட்டுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டாவ. நான் எட்டு போட்டுக் கதிரடிச்சா ஒரு நெல்மணி வைக்கோல்ல தங்காது. ஊர்ல மாடெல்லாம் சும்மா படுத்துக் கிடந்து கொழுத்துப் போச்சு. அதுக்கு அப்புறம்தான் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆரம்பிச்சாவ."

"கல்யாணத்துல என்னத்த அடிக்க?"

"பொண்ணு மாப்பிள்ளை ஊர்கோலம்வே. முன்னால நாதசுரம், தவிலு. நான் எட்டு போட்டதுல கார் மேளக்காரங்களைச் சுத்துது. எங்க அடிபடுவோமோன்னு மேளக்காரங்க காரைச் சுத்துதாங்க. வழியில ஒரு டீக்கடை, வாசல்ல அடுப்பு கணகணன்னு எரியுது. அந்த அடுப்பை மூணு தடவை சுத்தி வந்துட்டேன். பொண்ணுக்கு அப்பா அழ ஆரம்பிச்சிட்டாரு. மாப்பிள்ளை என்ன நெனைச்சானோ, தாலியை எடுத்துக் கட்டிட்டான். டீக்கடைக்காரருதான் கெட்டிமேளம் சொன்னது. மண்டபத்துக்குப் போனா சாப்பாடு மட்டும்தான் பாக்கி."

"தாலி மண்டபத்துலல்லா இருக்கும்?"

"அவன் முன்யோசனைக்காரன். என் வண்டியில ஏறும்போதே பையில போட்டுக்கிட்டான், எப்ப போய்ச் சேருவோமோன்னு."

"அண்ணாச்சி," என்றார் வெள்ளத்துரை, "மாவட்டத்தைக் காப்பாத்துனதா சொன்னீய. இது ஒரு குடும்பம்தானே."

"வாரேன்ல. புயல் வந்துச்சு பாரும் ஒரு வருஷம், துறைமுகத்துல பெரிய கூண்டு ஏத்தினாங்களே. ஊரே பள்ளிக்கூடத்துக்குள்ள போய் உக்காந்துட்டு. நான் மட்டும் வண்டியை எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போனேன். போகணும்னு போகல; போன எட்டு அங்க கொண்டுபோய் விட்டுட்டு. புயல் எந்தப் பக்கமா சுத்தும்?"

"நான் வெல்டர்."

"இடப்பக்கமா சுத்தும். எட்டுல ரெண்டு வட்டம் இருக்கா? ஒண்ணு இடமா சுத்தும், ஒண்ணு வலமா சுத்தும். அந்த வலது வட்டத்துக்குள்ள புயல் வந்து மாட்டிக்கிட்டு. அது இந்தப் பக்கம் முறுக்க, நான் அந்தப் பக்கம் முறுக்க, கயித்துல முறுக்குப் பிரியுமே, அது மாதிரி பிரிஞ்சு தனித்தனி இழையா கடல்மேல விழுந்துட்டு. ரேடியோவுல 'புயல் வலுவிழந்தது'ன்னு மட்டும் சொன்னான். யாரால வலுவிழந்ததுன்னு சொன்னானா?"

"எங்க வீட்டு ஓடெல்லாம் அந்தப் புயல்லதான் பறந்துச்சு," என்றார் வெள்ளத்துரை.

"அது நான் பெட்ரோல் போடப் போன நேரம்."

மைதானத்தில் ஸ்கூல் கார் உறுமி அடங்கியது. கோமு ஸ்டார்ட் செய்து பார்க்கிறாள். எனக்கு அங்கே வெள்ளையாக ஒரு கார், அதற்குள் மங்கலாக ஒரு சேலை, அவ்வளவுதான் தெரிந்தது.

"தாயி," என்றேன் ரெஜினாவிடம். "அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பாரு."

"முந்தானையால தொடைச்சுக்கிட்டே இருக்காங்க தாத்தா."

"கண்ணையா, நெத்தியையா?"

"நெத்தியைத்தான்."

"அப்ப சரி. என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

"முடிச்சிட்டீய," என்றார் வெள்ளத்துரை.

"இல்ல, கை சிக்னலை விட்டுட்டேன். டெஸ்ட்ல கை காட்டணும் பாரும். வலது பக்கம் திரும்பணும்னா வலது கையை வெளிய நீட்டணும், இன்ஸ்பெக்டர் பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. ரோட்டுல யாரு சொல்லுவா பாத்துட்டேன்னு? நான் நீட்டின கையை எடுக்கல. பஜார் மொனையில நீட்டினேன். ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையைக் கையில வச்சுட்டுப் போனாரு. ஒருத்தர் வாழைத்தாரை மாட்டினாரு. கறிகாய்க்காரம்மா கத்திரிக்காய்ப் பையைத் தொங்க விட்டா. கடைசியில ஒரு அம்மா, 'செத்த பிடிச்சுக்கங்கண்ணே'ன்னு கைப்பிள்ளையைக் குடுத்துட்டு பூ வாங்கப் போயிட்டா."

"பிள்ளை என்ன ஆச்சு?" ரெஜினாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"பத்திரமா இருக்கு. அது இப்ப பெங்களூர்ல வேலை பாக்கு. என் வண்டியை விக்கணும்னு நிக்கு."

"அண்ணாச்சி சொந்தப் பிள்ளையையே கதையில சேத்துட்டாரு," என்றார் மாஸ்டர்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கார் மறுபடியும் உறுமியது, மறுபடியும் அடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன். "எங்க அம்பாசடர்ல பிரேக்கே கிடையாது, தெரியுமா?"

வெள்ளத்துரை கிளாசைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் தேவைப்படல. கோமு இடது பக்கம் உக்காருவா. தூரத்துல ஒரு கோழி தெரிஞ்சாப் போதும், அவ காலுக்குக் கீழ வெறும் தரைதான் இருக்கு, அதுல ஓங்கி ஒரு மிதி. எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே?"

"அப்பா ஸ்கூட்டர் ஓட்டினா எங்க அம்மா பின்னால உக்காந்தே மிதிக்கும்," என்றாள் ரெஜினா.

"ஆனா இவ மிதிச்சது வேற மிதி. மொதல்ல மிதியடி தேஞ்சுது. அப்புறம் தகரம் தேஞ்சு, கால் அளவுக்குப் பள்ளம் விழுந்துச்சு. ஒருநாள் பாலத்து எறக்கத்துல நான் பேச்சு சுவாரசியத்துல பிரேக்கை மறந்துட்டேன். எதிர்ல எருமைக்கூட்டம். அவ மிதிச்சா. வண்டி நின்னுட்டு."

"எது நின்னுட்டு?"

"வண்டிவே. எருமைக்கு மூக்கு முட்டற தூரத்துல. அன்னையில இருந்து நான் அந்தப் பக்கமே கால் வைக்கல. இருந்த பிரேக்கைக் கழத்திப் பழைய இரும்புக்குப் போட்டு, ரெண்டு பேரும் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னோம். அவ மிதிச்சா எங்க வண்டி மட்டும் நிக்கும்னு நெனைக்காதீய. பின்னால வர்ற லாரி நிக்கும். எதிர்த்தாப்ல வர்ற பஸ் நிக்கும். ஒருநாள் ரயில்வே கேட்ல நிக்கோம், கேட் மூடியிருக்கு, எக்ஸ்பிரஸ் வருது. பழக்க தோஷம், மிதிச்சுட்டா. எக்ஸ்பிரஸ் நடுவுல நின்னுட்டு. எஞ்சின் டிரைவர் எறங்கி வந்து, 'யாரு மிதிச்சது?'ன்னு கேக்கான். நான் வாயைத் திறக்கலையே. அவ மெதுவா காலை எடுத்தா; ரயில் கிளம்பிட்டு. அவன் பின்னாலயே ஓடுதான்."

டீக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுலயும் அப்படித்தான். நான் பேசிக்கிட்டு இருக்கும்போது, அடுப்பங்கரையில இருந்து காலால தரையில ஒரு மிதி மிதிப்பா. என் வாய் நின்னுரும்."

"மாஸ்டர்," என்றார் வெள்ளத்துரை, "அந்த அம்மாவைக் கொஞ்சம் இங்க வரச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரெஜினா மட்டும் யோசனையாகக் கேட்டாள். "அப்ப இன்னைக்கு அவங்க வலது பக்கம்ல உக்காந்திருக்காங்க. இடது பக்கம் யாரு தாத்தா மிதிப்பா?"

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து என் மானத்தைக் காப்பாற்றியது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு, குடைக்கடியில் உட்கார்ந்து, ஒரு கண்ணால் போனையும் மறு கண்ணால் மைதானத்தையும் பார்ப்பார். முதலில் இரண்டு சக்கர வண்டி. ரெஜினா கோடு போட்ட மாதிரி எட்டு போட்டாள். கால் மண்ணில் படவே இல்லை. பாஸ். அடுத்தது வெள்ளத்துரை. இத்தனை காலம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், பின்னால் இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஓட்டியவர், எட்டின் இடுப்புக்கு வந்ததும் காலை ஊன்றிவிட்டார். ஃபெயில்.

அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ரெஜினா தன் ஸ்கூட்டர் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, ஊருக்குள்ளதானே போறீங்க? என்னையும் வச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க. உங்க பைக்கை அப்புறமா வந்து எடுத்துக்கலாம்."

"நீதானேம்மா பாஸ் ஆனது?"

"எட்டுதான்ணே தெரியும். ரோட்டுல ஓட்டினதே இல்ல. காலையில அப்பாதான் கொண்டாந்து விட்டாரு. பயமா இருக்கு."

வெள்ளத்துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் கதைக்குக் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

அவர்கள் உடனே கிளம்பவில்லை. கோமுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரெஜினா என் பக்கத்தில் நின்று, நடப்பதை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

கார் டெஸ்ட் என்றால் பத்தடி முன்னால், பத்தடி பின்னால். அதற்கு மேல் இன்ஸ்பெக்டர் பார்ப்பதில்லை; பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. மாசிலாமணி மாஸ்டர் வழக்கம்போல இடது கதவைத் திறந்து ஏறப் போனார்.

"மாஸ்டர் ஏறக் கூடாது சார்," என்றாள் கோமு. சத்தமாகத்தான் சொன்னாள். எனக்கே கேட்டது.

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஏம்மா?"

"போன தடவை ரெண்டு பேரும் சேந்துதான் ஓட்டினோம். ஃபெயில் ஆனது நான் மட்டும்."

மைதானத்தில் சிரிப்புச் சத்தம். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "எல் போர்டும்மா. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

"நீங்க உக்காருங்க."

டெஸ்ட் கொடுக்க வருகிறவர் காரில் அவர் ஏறிப் பல வருஷம் இருக்கும். எல்லாரும் பார்க்கிறார்களே என்று எழுந்தார், ஏறினார், கதவைச் சாத்தினார். அதற்குள் மறுபடி போன். காதில் வைத்துக்கொண்டே, போகலாம் என்று முன்னால் கையைக் காட்டினார்.

கோமு போனாள்.

பத்தடி போனாள். சுண்ணாம்புக் கோடு வந்தது. நில் என்று யாரும் சொல்லவில்லை. அவர் போனில் யாருக்கோ பதில் சொல்கிற வேகத்தில் கை தானாக முன்னால் முன்னால் ஆடியது. அவள் கோட்டைத் தாண்டினாள், எலுமிச்சம்பழத்தைத் தாண்டினாள், மைதானத்து வாசலைத் தாண்டினாள். வலது கையை வெளியே நீட்டி, சரியாகக் காட்டி, மெயின் ரோட்டில் திரும்பி, சந்தைப் பக்கமாகப் போய்விட்டாள்.

மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீரும்," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "இன்ஸ்பெக்டர் கால்கிட்டதான் உம்ம பிரேக் இருக்குல்லா."

"இருக்கு அண்ணாச்சி. அது பிடிக்காது."

"ஏன்?"

"போன தடவை ஃபெயில் ஆனதும் அந்த அம்மா மெக்கானிக் பட்டறைக்கே வந்து நின்னு கழட்ட வச்சிட்டாங்க. என் பக்கத்து மிதி சும்மா பேருக்குத்தான் இருக்கு. அதுல மிதிச்சா தரையில மிதிச்ச மாதிரிதான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ரயில்வே கேட் அந்தப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை அந்தப் பக்கம்தான். பாலத்து இறக்கமும் அந்தப் பக்கம்தான். கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது. காலையிலிருந்து என்னை மறுத்துக்கொண்டிருந்த வெள்ளத்துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் புயலுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றேன்.

"அந்த எக்ஸ்பிரஸ் டிரைவர்?"

"தெரியல வே."

கடைக்காரர் எனக்கு உடம்புக்கு என்ன என்று மாஸ்டரிடம் விசாரித்தார். ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரெஜினாதான் முதலில் பார்த்தாள். "தாத்தா, வந்துட்டாங்க."

வெள்ளையாக ஒன்று வாசலுக்குள் திரும்பியது. நேராக வந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நின்று, பின்னால் போய், இரண்டு கோட்டுக்கும் நடுவில் பெட்டியில் வைத்தது மாதிரி அடங்கியது. கோமு இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். இடது கதவு கொஞ்ச நேரம் திறக்கவில்லை. அப்புறம் இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவர் போன் சட்டைப் பையில் இருந்தது. வலது காலை நொண்டினார்.

"மாஸ்டர்," என்றார். "உங்க பக்கத்து பிரேக் பிடிக்கவே இல்லையே. சந்தைக்குள்ள அத்தனை ஆடு. முட்டி கழண்டு போற மாதிரி மிதிச்சேன்."

"அது பிடிக்காது சார்," என்றாள் கோமு. "ஒவ்வொரு ஆட்டுக்கும் நான்தான் நிப்பாட்டினேன்."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "பாஸ்," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அடுத்து வந்தவனிடம், பத்தடி முன்னால் போனால் போதும், தயவுசெய்து அதற்கு மேல் போகாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளத்துரை என்னிடம் குனிந்தார். "உங்க கதையில இடது பக்கம் மிதிச்சா ரயிலே நின்னுச்சு. இங்க ஒரு ஆட்டுக்குட்டி நிக்கலையே?"

"இன்ஸ்பெக்டருக்கு அனுபவம் போதாது வே."

அவர் விடவில்லை. கோமு பெஞ்சுக்கு வந்ததும் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார். "அம்மா, ஒரு சந்தேகம். அண்ணாச்சி எட்டு போட்டுப் புயலையே நிறுத்தினாராமே?"

கோமு என் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"புயலை நான் பாக்கல," என்றாள். "ஆனா எட்டு போடுறது நெசம். அடுத்த தெருவுக்குத் தயிர் வாங்க அனுப்பினா இன்னைக்கும் நேரா வீட்டுக்கு வர மாட்டாரு."

வெள்ளத்துரை ரெஜினாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். லைசன்ஸ் கிடைத்தவள் பின்னால், கிடைக்காதவர் முன்னால். ரோட்டில் நேராகத்தான் போனார்கள்.

சாயங்காலம் கோமு அம்பாசடரைக் கொட்டகையிலிருந்து எடுத்தாள். மகனுக்குப் போனில் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: ஆளை வர வேண்டாம்னு சொல்லிரு. நான் பழக்கத்தில் வலது கதவுக்குப் போனேன். அவள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். சுற்றி வந்து இடது பக்கம் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சீட்டில் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. எல்லாம் நம்மை நோக்கியே வருகிறது.

தெருமுனை தாண்டவில்லை. எதிரில் மங்கலாக ஏதோ ஒன்று, கோழியோ ஆடோ, குறுக்கே வந்தது. அடுத்த நொடி வண்டி நின்றுவிட்டது. குறுக்கே வந்தது போயும் விட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி மட்டும் நகரவில்லை.

"ஏன் நிக்க?" என்றேன்.

"நான் எங்க நிக்கேன்," என்றாள் கோமு. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "நீங்கதான் மிதிச்சுக்கிட்டு இருக்கீய. காலை எடுங்க."

கீழே குனிந்து பார்த்தேன். என் வலது கால், அவள் வருஷக்கணக்காக மிதித்துத் தேய்த்த பள்ளத்துக்குள் கச்சிதமாக ஊன்றி இருந்தது.

எடுத்தேன். வண்டி நகர்ந்தது.